சாவீட்டில் சிரித்த பிள்ளை



செலியமேட்டில் ஒரு பாட்டியின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். உள்ளே ஒப்பாரி. வாசலில் பந்தல். கடலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்திருந்த சிறுவர்கள் பந்தக்காலைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடினார்கள். பாட்டி ஊட்டி வளர்த்த ஆறு வயதுப் பேரனும் அவர்களோடு ஓடினான், கலகலவென்று சிரித்தான். உறவினர் ஒருவர் அவன் முதுகில் ஓர் அடி வைத்து, "பாட்டி செத்துக் கிடக்கிறாள், உனக்குச் சிரிப்பா? பாசமே இல்லையா?" என்று அதட்டினார். நானும் அங்கேதான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து, பூசை முடிந்ததும் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "சாமி, எனக்குப் பாட்டிமேல் பாசம் இல்லையா?" என்று கேட்டான். அவனுக்கு விழுந்த அடி அன்றே ஆறிப்போயிற்று. அந்தச் சொல் மட்டும் ஆறவில்லை.

அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 11-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். லாசர் இறந்துபோனதைச் சீடர்களுக்கு அறிவிக்கும்போது, தாம் அங்கே இல்லாதிருந்ததைப்பற்றி, அவர்களுடைய விசுவாசத்தை முன்னிட்டுச் சந்தோஷப்படுவதாகச் சேசுநாதர் சொல்லுகிறார். அதே அதிகாரத்தில், பெத்தானியாவிலே, மரியாள் அழுவதைக் கண்டு மனங்கலங்கித் தாமும் கண்ணீர் விடுகிறார். சற்று நேரத்தில் லாசரை உயிர்ப்பிக்கப்போவதை அறிந்திருந்தும் அழுதார். அவருடைய சந்தோஷம் பொய்யா? கண்ணீர் பொய்யா? இரண்டும் மெய். உயிர்ப்பு ஞாயிறு காலையில் கல்லறையை விட்டு ஓடின ஸ்திரீகளுக்கும் பயமும் பெருமகிழ்ச்சியும் ஒன்றாகவே இருந்தன என்று அர்ச். மத்தேயு எழுதிவைத்திருக்கிறார்.

பெரியவர்களுக்கு இது தெரியும். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தாய் அழுதுகொண்டே சிரிக்கிறாள். அவளை யாரும் அதட்டுவதில்லை. சிறு பிள்ளைக்கோ தெரியாது. அமெரிக்காவில் டென்வர் சர்வகலாசாலையின் மனோதத்துவப் பேராசிரியை சூசன் ஹார்ட்டர் 1980-களில் குழந்தைகளையே கேட்டு இதை ஆராய்ந்தார். ஐந்து வயதுப் பிள்ளை, ஒரே சமயத்தில் இரண்டு உணர்ச்சி இருக்க முடியாது என்றே சொல்லும். எதிரெதிரான இரண்டைத் தன்னிடத்தில் சேர்த்துக் கண்டு சொல்ல ஏறக்குறைய பத்து, பதினொரு வயதாகிறது. ஆகவே, "பாசமா, சிரிப்பா?" என்று நாம் அதட்டினால், சிரித்துவிட்ட பிள்ளை தனக்குப் பாசமில்லை என்றே தீர்மானித்துக்கொள்ளும்.

அப்படியானால் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? வெயிலடிக்கும்போதே மழை பெய்தால், காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று நம் பிள்ளைகள் கூவுகிறார்கள் அல்லவா? அதையே காட்டுங்கள். ஒரே வானத்தில் வெயிலும் மழையும் இருக்கிறதுபோல, ஒரே நெஞ்சில் சந்தோஷமும் துக்கமும் இருக்கலாம் என்று சொல்லுங்கள்.

தம்பி பிறந்த வீட்டில் மூத்த பிள்ளை முகம் வாடினால், "பொறாமைப்படாதே, பாவம்" என்று வாயடைக்காதீர்கள். "தம்பிமேல் ஆசையும் இருக்கிறது, அம்மா மடி போயிற்றே என்று கோபமும் இருக்கிறது, இல்லையா கண்ணு?" என்று கேளுங்கள். பிள்ளை தலையசைக்கும். கோபம் வந்தது பாவமல்ல. தம்பியைக் கிள்ளினால் அதைக் கண்டியுங்கள். உணர்ச்சிகள் தம்மிலே நன்மையுமல்ல, தின்மையுமல்ல. நம் புத்தியும் மனதும் அவற்றை எவ்வழியில் நடத்துகின்றன என்பதே கணக்கு. 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேசம் இப்படியே போதிக்கிறது. நெஞ்சில் இருப்பதைப் பெற்றோரிடம் ஒளிக்கப் பழகின பிள்ளை, நாளை சர்வேசுரனிடமும் ஒளிக்கப் பார்க்கும்.

அந்தச் சிறுவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "பாட்டிமேல் பாசமும் உனக்கு உண்டு, மாமா பிள்ளைகளைக் கண்ட சந்தோஷமும் உண்டு. சேசுநாதருக்கும் இரண்டும் இருந்தது." அவன் சற்று யோசித்து, "அப்படியானால் பாட்டிக்குக் கோபம் இல்லையே?" என்றான். இல்லை என்றேன். அப்போதுதான் அழுதான்.

நவம்பர் 2-ந் தேதி கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அழுதால் அழட்டும், சுடரைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். அடிக்காதீர்கள்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி