தராசும் பூமியும்

 

மத்யன் நகரத்தார் நம்மைப் போலவே வாணிபம் செய்து வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு அல்லாஹ் ஷுஐப் (அலை) அவர்களை நபியாக அனுப்பினான். அந்நபியவர்கள் அம்மக்களுக்கு என்ன உபதேசம் செய்தார்கள் என்பதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. அளவையிலும் நிறுவையிலும் குறை வைக்காதீர்கள் என்று சொன்ன அவர்கள், அத்தோடு சேர்த்தே, பூமியில் குழப்பம் செய்து திரியாதீர்கள் என்றும் எச்சரித்தார்கள். முதற்பாதியை நாம் பயான்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். பிற்பாதியை ஏனோ வியாபாரத்தோடு சேர்த்து எண்ணுவதில்லை. தராசைப் பற்றியும் பூமியைப் பற்றியும் ஒரே நபி ஒரே கூட்டத்தாரிடம் பேசியது வீணுக்கல்ல.

இன்று பூமியில் நாம் காணும் குழப்பம் யாது? எண்ணெயும் நிலக்கரியும் எரிந்து எழும் கரியமில வாயு வானவெளியில் சேர்ந்து சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவிகிதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பிளாஸ்டிக் பையும் அதே எண்ணெயிலிருந்து பிறந்ததுதான். அது சாக்கடையை அடைத்துக்கொண்டால் பெய்த மழைக்குப் போக வழியேது?

பினாங்கு மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அத்தீவிலும் எதிர்க்கரையிலும் வந்த வெள்ளத்தில் எழுவர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் வீடு விட்டு வெளியேறினர். கடைகளில் நீர் புகுந்து சரக்குகள் பாழாயின.

மின்சாரமும் எண்ணெயும் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பில் உள்ளவை. மாநில அரசாங்கத்தின் கையில் இருப்பவை நிலமும் நகராட்சியும் கடைத்தெருவுமே. எனினும் பினாங்கு அரசாங்கம், நம்மால் என்ன ஆகும் என்று கைகட்டி நிற்கவில்லை. 2009-ல் திங்கட்கிழமைகளில் பிளாஸ்டிக் பையை இலவசமாகக் கொடுப்பதை நிறுத்தியது. 2011 ஜனவரி முதல் எல்லா நாட்களுக்கும் அதை விரித்தது. பை வேண்டுவோர் 20 காசு தரவேண்டும் என்றும், அக்காசு ஏழைகளுக்கான நிதிக்குச் சேரவேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. பின்னாளில் ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்பு அமைப்போடு சேர்ந்து, 1 கோடி அமெரிக்க டாலர் உதவியில், நகரத்தின் சூட்டைத் தணிக்க மரம் நடவும், மழைநீரைத் தாங்கி வடியவைக்கவும் திட்டம் வகுத்தது.

சகோதரர்களே! அரசாங்கம் சட்டம் போடலாம். அதை நிறைவேற்றும் இடம் நம் கல்லாப்பெட்டியின் முன்னால் அல்லவா இருக்கிறது? வாடிக்கைக்காரர் முகம் சுளிப்பார், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் நமக்கு உண்டு. அது வீண் பயமென்று சொல்லமாட்டோம். நாலு காசு லாபத்தில் கடை நடத்துபவனுக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்காக ஒளித்து ஒளித்துப் பையைக் கொடுப்பதும், ஏழைக்கென்று வாங்கிய காசைக் கல்லாவிலேயே வைத்துக்கொள்வதும் எந்தக் கணக்கில் சேரும்? அந்தக் காசு அமானத். அமானத்தைத் தின்றவன் தராசில் கல்லை மாற்றியவனுக்கு எந்த வகையில் மேலானவன்?

“பெரிய பெரிய ஆலைகள் புகை கக்குகின்றன, என் சிறு கடையின் ஒரு பையா உலகத்தைக் கெடுக்கப்போகிறது?” என்று சிலர் கேட்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமை காட்டினார்கள். கீழ்த்தட்டில் இருந்தவர்கள், தண்ணீருக்காக மேலே போய் மற்றவர்களைத் தொந்தரவு செய்வானேன், நம் பங்கில் ஒரு ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று எண்ணினார்களாம். அவர்களைத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள், விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் என்றார்கள் நாயகமவர்கள். என் பங்கில்தானே என்ற பேச்சு கடலுக்குப் புரியாது. பெரிய ஓட்டை போடுகிறவனிடம் அல்லாஹ் அவன் கணக்கைக் கேட்பான். நம்மிடம் நம் கணக்கையே கேட்பான்.

நம் முன்னோர் இந்நாட்டில் பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் சொத்துக்களை வக்ஃபு செய்து போனார்கள். வக்ஃபின் வருமானத்தை அனுபவிக்கலாம், முதலைத் தின்னலாகாது. பூமியும் அத்தகையதே. நம் பேரப்பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு.

ஆகவே கடையில் துணிப்பையை முன்வரிசையில் தொங்கவிடுவோம். பைக்காசைத் தனி உண்டியலில் போட்டு ஒழுங்காகச் செலுத்துவோம். கடைவாசல் சாக்கடையைச் சுத்தமாக வைப்போம். இடமுள்ளவர் ஒரு மரம் நடுவோம். அதன் கனியை ஒரு பறவை தின்றாலும் நட்டவனுக்கு அது தர்மம் என்பது நாயக வாக்கின் கருத்தல்லவா? பக்கத்துக் கடைக்காரரோடும் பேசி, தெருவே ஒன்றாக நின்றால், வாடிக்கை போய்விடும் என்ற பயமும் போய்விடும்.

நிறுவையில் நேர்மையையும், பூமியின் மேல் அக்கறையையும் அல்லாஹ் நம் யாவருக்கும் தந்தருள்வானாக! நம் தொழிலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.