மூட்டுக்கு ஒரு ஸதகா



மனித உடலில் 360 மூட்டுகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றுக்காகவும் நாள்தோறும் ஸதகா உண்டு என்றும், லுஹா நேரத்து இரண்டு ரக்அத்துகள் அவை அனைத்துக்கும் போதுமானவை என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மூட்டு சுகமாயிருக்கும்வரை இந்தக் கடன் நம் நினைவில் வருவதில்லை. ஸுஜூதிலிருந்து எழமுடியாமல் கால்முட்டு வலிக்கும்போதுதான் வருகிறது.

தேய்ந்த மூட்டை மாற்றும் அறிவையும் அல்லாஹு தஆலா மனிதனுக்கு அருளியிருக்கிறான். 1962-ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் இடுப்பு மூட்டு மாற்றுவதில் பெருவெற்றி கண்டார். பிரதமராயிருந்த வாஜ்பாய் 2000-லும் 2001-லும் இரண்டு முழங்கால் மூட்டுகளையும் மாற்றிக் கொண்டார். 2017-ல் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு விலை வரம்பு விதித்தது. இன்று நம் நாகர்கோவிலிலேயே இந்த ஆபரேஷன் நடக்கிறது.

ஆனால் ஆபரேஷன் டாக்டரின் வேலை. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பின்னால் வருவது நம்முடைய வேலை; மாதக்கணக்கில் நீளும். பெரும்பாலும் மறுநாளுக்குள்ளாகவே வாக்கரைப் பிடித்து நிற்க வைக்கிறார்கள். காலில் இரத்தம் உறையாதிருக்கப் பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். தொடைத் தசையை இறுக்கி விடவேண்டும். முட்டை நேராக நீட்டவும் மெல்ல மடக்கவும் பழக வேண்டும். ஆரம்ப வாரங்களில் இதைக் கைவிட்டால் உள்ளே தழும்பு கட்டி முட்டு விறைத்துப் போகும்.

இங்கேதான் நம் வீடுகளில் தவறு நேர்கிறது. உம்மா வலியால் முகம் சுளித்ததும், "போதும் உம்மா, படுத்துக்கிடுங்க, அல்லாஹ் சுகம் தருவான்" என்கிறாள் மகள். பாசம்தான், ஆனால் தவக்குல் அதுவல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். இங்கே பயிற்சிதான் அந்தக் கயிறு. வலிக்கிறதென்று முடங்கிக் கிடப்பது ஸப்ரு ஆகாது. வலியோடும் செய்யவேண்டியதைச் செய்வதே ஸப்ரு. ஆனால் கெண்டைக்கால் வீங்கிக் கடுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே டாக்டரிடம் செல்லுங்கள்.

குறைவாயினும் விடாது செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது. பிஸியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளைத் தொழுகை வக்துகளோடு சேர்த்து வைத்துக் கொண்டால் மறக்காது. தக்கலையில் அடங்கியிருக்கும் பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்கள் நெசவு செய்து வாழ்ந்த ஞானி. தறியில் துணி ஒரே நாளில் முழுதாக விளைவதில்லை. இழை இழையாகத்தான் வளர்கிறது. முட்டின் பலமும் அப்படியே.

தொழுகையைப் பற்றியும் கலங்க வேண்டாம். நோயுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்றும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ அனுமதி கிடைத்தது. நாற்காலியில் தொழுவதை இழிவாக எண்ணி, டாக்டர் தடுத்தும் முட்டை வலிந்து மடக்காதீர்கள். நிற்க முடிந்தபின் சோம்பலால் நாற்காலியைத் தேடவும் செய்யாதீர்கள். உங்கள் மத்ஹபின் விவரத்தை ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

இந்த உடல் அமானத்து. அதில் பொருத்திய புது மூட்டும் அமானத்துதான். நோயுற்ற அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண சுகமும், பயிற்சியில் உறுதியும் தந்தருள்வானாக! ஆமீன்.