மன்னிப்பு யாரிடம் கேட்பது?

சில ஆண்டுகளுக்கு முன் திருவண்ணாமலையில் ஒரு பௌர்ணமி இரவு. கிரிவலக் கூட்டம் சாலையை நிறைத்துக் கொண்டிருந்த வேளையில் எங்கள் மஹல்லாவின் ஜனாஸா ஒன்று அதைக் கடக்க வேண்டியதாயிற்று. யாரும் யாரையும் கேட்கவில்லை. சந்தூக்கைக் கண்டதும் கூட்டம் தானாக விலகி நின்றது. சிலர் கைகூப்பினர். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்ற செய்தி அப்போது என் நினைவில் வந்தது.

அண்டை நாடான இலங்கை சிறிய நாடு. 1931 முதலே ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை உள்ள நாடு. அங்கே 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தோர் எம்மதத்தவராயினும் எரிக்கப்பட வேண்டும் என்று வர்த்தமானியில் கட்டளை பிறந்தது. நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் கேட்பாரில்லை. டிசம்பர் முதல் தேதி உச்ச நீதிமன்றமும் மனுக்களைத் தள்ளிவிட்டது. அதே மாதம், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் மையித்து பெற்றோர் மறுத்தும் எரிக்கப்பட்டது. கபனிட முடியாத அந்தப் பச்சிளம் உடலுக்காக மக்கள் பொரளை மயானத்து வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள்.

2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அதற்குள் 270க்கும் மேற்பட்ட முஸ்லிம் மையித்துகள் எரிந்துவிட்டன.

உண்மையில் ஆபத்திருந்தால் நாம் பிடிவாதம் பிடிப்போமா? கரை தொலைவிலிருக்க, கப்பலில் மவுத்தானவரைக் கடலில் விடவும் ஷரீஅத் இடம் தந்திருக்கிறதே! நிர்ப்பந்தம் என்றால் நிரூபியுங்கள் என்றுதானே அந்த மக்கள் கேட்டார்கள்? பெரும்பான்மையின் வாக்கால் அரசு அமையலாம். அந்த வாக்கு ஒருவனுடைய கபுறின் மீதும் செல்லுமா?

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லதே. ஆனால் அல்லாஹ்வின் ஹக்கில் தவறியவனுக்குத் தவ்பா உண்டு. அடியானின் ஹக்கை, அந்த அடியான் அல்லவா மன்னிக்க வேண்டும்? எரிக்கப்பட்டவர் எங்கே?

இதை எழுதும்போதே என் பேனா தயங்குகிறது. பக்கத்து ஊர் ஒன்றில், கொள்கை வேறுபாட்டைச் சொல்லி ஒரு மையித்துக்கு மஹல்லா கபுறுஸ்தானில் இடம் மறுத்தார்கள். மறுத்தவர்கள் நம்மவர்களே. இரவோடிரவாக வேறு ஊருக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். அந்த வீட்டு வாசலுக்கு இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்டுப் போகவில்லை.