எல்லா அளவைகளும் ஏற்கும் உறுப்பு

எந்த அளவையாலும் வேறுபடுத்திக் காட்ட இயலாத இரு பொருள்களை ஒன்றென்றே கொள்ளலாமா என்பது தத்துவத்தில் நெடுங்காலமாகத் தீராத வழக்கு. கொள்ளலாம் என்றார் ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ். குணங்கள் யாவும் ஒத்திருந்தாலும் ஓர் அணுவை மற்றோர் அணுவிலிருந்து பிரித்து நிறுத்தும் 'விசேஷம்' என்ற ஒன்று உண்டு என்றனர் இந்தியத் தத்துவப் பிரிவினரான வைசேடிகர். இவ்வழக்கைச் சொற்போராக விட்டுவிடாமல் கணக்கிட்டே பார்க்க இடம் தருகிறது இயற்கணிதத்தின் ஒரு பகுதி.

கூட்டலும் பெருக்கலும் நிகழும் எண்ணமைப்பு வளையம் எனப்படும். அதனுள், தன் உறுப்புகளைத் தமக்குள் கூட்டினாலும் வளையத்தின் எந்த உறுப்பால் பெருக்கினாலும் தன்னைவிட்டு வெளியேறாத தொகுதி சீர்மம் எனப்படும். −5இன் வர்க்கமூலத்தைச் சேர்த்துக்கொண்ட எண்ணமைப்பில் 6 என்பது 2 × 3 என்றும் (1+√−5) × (1−√−5) என்றும் இருவகையாகப் பிரிகிறது. இத்தகைய குலைவைச் சீராக்கவே கணிதவியலாளர் கும்மர் 1840களில் கற்பித்த இலட்சிய எண்களை டெடிகிண்ட் 1871இல் சீர்மங்களாக வடித்தார். எண்களுக்கு அது போதுமாயிற்று. இரு மாறிகள் வந்தவுடன் சீர்மங்களும் தடுமாறின.

க, ச என்னும் இரு மாறிகளால் ஆன சீர்மத்தை 'ம' என்றும், க², ச² இரண்டால் மட்டும் ஆனதை 'ப' என்றும் குறித்துக்கொண்டால், ம × ப என்பதும் ம × ம² என்பதும் ஒரே விடையை, அதாவது ம³ஐ, தருவதைப் பெருக்கியே காணலாம். ஆயினும் ப வேறு, ம² வேறு. கச என்னும் உறுப்பு ம²இல் உண்டு, பவில் இல்லை. பொதுக் காரணியை இருபுறமும் அடித்துவிடும் உரிமையே இங்கு பறிபோகிறது.

பவையும் ம²ஐயும் வேறுபடுத்தும் அளவை உண்டா என்று பார்க்க மதிப்பீடு உதவும். மதிப்பீடு என்பது ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண்ணைத் தந்து, பெருக்கற்பலனுக்கு அவ்வெண்களின் கூட்டுத்தொகையைத் தரும் அளவை. கச பெறும் எண் கவுக்கும் சவுக்கும் உரிய எண்களின் கூட்டுத்தொகை ஆதலால், அது அவற்றுள் சிறியதன் இருமடங்குக்கு ஒருபோதும் குறையாது. க², ச² பெறும் எண்களுள் சிறியதும் அவ்விருமடங்கே. ஆகவே எந்த மதிப்பீட்டைக் கொண்டு பார்த்தாலும் பவிலிருந்து கசவை விலக்கக் காரணம் கிடைப்பதில்லை. நீலகிரியில் ஒரே குன்றை அருவங்காட்டிலிருந்து நோக்குபவரும் கேத்தியிலிருந்து நோக்குபவரும் காணும் வடிவங்கள் வேறாயினும் இருவரும் ஒருசேர மறுக்காத ஒன்று இருப்பதைப் போன்றது இது. ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து காணலாம் என்னும் அநேகாந்தம் பேசிய சமணருக்கு இச்சிந்தனை அயலாக இருந்திராது. எல்லா மதிப்பீடுகளும் ஏற்கும் உறுப்புகளைத் தன்னுள் முழுமையாகக் கொண்டுவிட்ட சீர்மத்தை முழுமைச் சீர்மம் என்பர். பவின் முழுமை ம²ஏ ஆகும்.

வழுவழுப்பான பரப்பின் ஒரு புள்ளியில், முழுமைச் சீர்மங்களின் பெருக்கற்பலனும் முழுமையானதே என்றும், பூச்சியமல்லாத ஒவ்வொன்றும் பகுபடாத முழுமைச் சீர்மங்களாக ஒரே வகையில் பிரியும் என்றும் 1938இல் ஆஸ்கர் சரிஸ்கி நிறுவினார். விலக்கக் காரணமில்லாதவற்றை உள்ளே ஏற்ற பிறகே பிரிவினை ஒழுங்குபடுகிறது என்பது இத்தேற்றத்தின் ஆழம்.

அதே 1938இல் சென்னையில் பிறந்து, லயோலா கல்லூரியில் பயின்று, 1957இல் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, 36 வயதில் மறைந்த கணிதவியலாளர் சி. பி. இராமானுஜம், சீர்மத்தின் மடங்கெண்ணுக்கு வடிவியல் விளக்கம் தந்த கட்டுரை ஒன்றை எழுதினார். மடங்கெண் என்பது சீர்மத்தின் அடுக்குகள் உயர உயர அவற்றுக்கு வெளியே எஞ்சுவது எவ்வளவு விரைவாகப் பெருகுகிறது என்பதன் அளவு. பவுக்கும் அதன் முழுமைக்கும் அது 4 என ஒன்றாகவே அமைகிறது. ஒரு சீர்மம் மற்றொன்றுள் அடங்கியிருக்கையில், தக்க வளையங்களில், மடங்கெண் ஒத்தால் முழுமையும் ஒக்கும் என்பதை 1961இல் டேவிட் ரீஸ் காட்டினார். எனினும் அடுக்கு உயர்த்தாமல் நேராக எண்ணினால் பவுக்கு வெளியே எஞ்சுவது 4 பரிமாணம், ம²க்கு வெளியே 3. வைசேடிகர் வற்புறுத்திய விசேஷம் 4க்கும் 3க்கும் இடையிலான அந்த வேறுபாட்டில் அழியாமல் நிற்கிறது. லைப்னிட்சுக்குச் சாதகமாகத் தோன்றும் சரிஸ்கியின் ஒழுங்கோ, 3 பரிமாணத்துக்குச் சென்றதும் தளர்ந்துவிடுகிறது: அங்கே இரு முழுமைச் சீர்மங்களைப் பெருக்கினால் கிடைப்பது முழுமையானதாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.