வரவும் இருப்பும்

ஜூலை மாதத்து முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையருகே காப்பித் தம்ளருடன் நான் உட்கார்ந்திருந்த வேளையில், என் மகள் கைப்பேசியைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். பள்ளி இறுதியாண்டில், மே மாதம் அவள் எழுதியிருந்த ஏ.பி. கால்குலஸ் பி.சி. தேர்வில் 5 வந்திருந்தது. 1 முதல் 5 வரையே தரமிடும் அத்தேர்வில் அதற்கு மேலான தரம் கிடையாது. அவள் தாயார் பூஜை அறைக்கு விளக்கேற்றப் போனாள். கல்லூரியில் இரண்டு பருவத்துக் கணிதம் கழிந்துபோனால் எத்தனை ஆயிரம் டாலர் மிச்சமாகும் என்று நான் மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள், "அப்பா, இந்த கிரெடிட்ட எடுத்துக்கவா, இல்ல அங்க போய் முதல்லேருந்து படிக்கவா?" என்று அவள் கேட்டுவிட்டாள்.

பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளிலும் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் படித்ததையே திரும்பப் படித்து நல்ல மாணவர்கள் காலத்தை வீணாக்குகிறார்களே என்ற கவலையில், ஹார்வர்ட், பிரின்ஸ்டன், யேல் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் மூன்று தனியார் பள்ளிகளும் கூடி ஆராய்ந்து 1952-இல் வெளியிட்ட அறிக்கை, பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடத்தில் தேர்வெழுதிக் கல்லூரிக் கணக்கில் வரவு (கிரெடிட்) பெறும் இந்த ஏ.பி. ஏற்பாட்டுக்கு ஒரு வித்து. 1955-இல் காலேஜ் போர்டு இதன் நிர்வாகத்தை ஏற்றது. ஆனால் அந்த 5-க்கு என்ன மதிப்பு என்பதில் கல்லூரிகளுக்குள் இன்றும் ஏகாபிப்பிராயம் இல்லை. டெக்ஸஸ் மாநிலத்தில் அரசுக் கல்லூரிகள் பொதுவாக 3 வாங்கியவருக்கே வரவு வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. டார்ட்மத் கல்லூரியோ 2014 முதல் சேர்ந்தவர்களுக்குப் பட்டக் கணக்கில் வரவு வைப்பதையே நிறுத்திவிட்டது. பெரிய நிறுவனங்களே இப்படி மாறுபடுகிற விஷயத்தில், பதினெட்டு வயதுப் பெண் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை.

என் பழைய அனுபவம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 200-க்கு 197 வாங்கிக்கொண்டு பொறியியற் கல்லூரிக்குள் பிரவேசித்த நான், முதலாண்டில் அதே நுண்கணிதம் மறுபடியும் வருவதைக் கண்டு, இது நமக்குத் தெரிந்ததுதானே என்ற மமதையில் கடைசி பெஞ்சில் அமர்ந்து நாவல் படித்தே அந்த வருஷத்தைக் கழித்தேன். வகுப்பில் உடல் இருந்தது, சிரத்தை இல்லை. மூன்றாம் பருவத்தில் ஃபூரியர் தொடர் வந்தபோது, ஒரு முடிவிலாத் தொடர் ஓர் எண்ணை நெருங்குகிறது என்றால் என்ன பொருள் என்பதே எனக்குப் புரிந்திருக்கவில்லை என்பதை, விடுதி மாடியில் ஒரு நள்ளிரவில், திகிலுடன் உணர்ந்தேன். ஆகையால், மறுபடி வகுப்பில் உட்காருவதாலேயே அடிப்படை பலப்பட்டுவிடும் என்று சொல்பவர்களை என்னால் நம்ப முடிவதில்லை.

மகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போய்க்கொண்டேயிருக்கும் தொகை ஓர் எல்லையில் நிற்குமா என்று கேட்டேன். "நிக்காதுப்பா, டைவர்ஜ் ஆகும்" என்றாள் கணமும் தயங்காமல். ஏன் என்றேன். ஒரு விதியின் பெயரைச் சொன்னாள். தொகையீட்டுச் சோதனை என்று இன்னொன்றையும் சொன்னாள். அதைப் போட்டுக் காட்டச் சொன்னபோது பென்சில் நின்றுவிட்டது. பிறகு இருவருமாகப் பிரித்துப் பார்த்தோம்: 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் 1/2-க்கு மேல், 1/5 முதல் 1/8 வரை நான்கும் சேர்ந்தால் மறுபடி 1/2-க்கு மேல், அடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாக முடிவின்றிச் சேர்ந்துகொண்டே போகிற தொகை எங்கே நிற்கும்? பதினான்காம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு நிகோல் ஓரேம் கண்ட வழி இது. அவள் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு விடை மட்டுந்தாம்ப்பா தெரிஞ்சிருக்கு" என்றாள்.

தெரிந்ததையே மறுபடி படித்துச் சுலபமாக ஏ வாங்கிவிடலாம், சராசரி குறைந்துவிடக் கூடாது என்ற பயத்தில் திரும்பப் படிப்பவளும், அஸ்திவாரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்ற ஆசையில் திரும்பப் படிப்பவளும் ஒரே வகுப்பில் ஒரே வரிசையில்தான் உட்காருவார்கள்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றே. வரவை எடுத்துக்கொண்டு மேலே தாவுகிறவர்களிலும் அப்படியே, அவசரத்தில் தாவுகிறவரும் தைரியத்தில் தாவுகிறவரும் உண்டு. தன்னிடம் இருப்பது எது என்று அவளே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதைத் தந்தையாகிய நான் அவளுக்காகச் சொல்ல முடியாது என்பதில் எனக்குச் சற்று வருத்தமே.

நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். அவள் சேரவிருந்த கல்லூரியின் முதற்பருவக் கணிதத்துக்குரிய பழைய இறுதித் தேர்வுத் தாள் ஒன்றைத் தேடியெடுத்து அச்சிட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் எழுதினாள். ஒன்பது வினாக்களில் ஆறுக்கு விடையிருந்தது. காரணம் கேட்ட மூன்றும் வெறுமையாக இருந்தன. காரணத்தைக் கற்பிக்கும் வகுப்புகளும் இல்லாமலில்லை: சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹானர்ஸ் கால்குலஸ் என்ற பாடம் நெடுங்காலமாக நடக்கிறது. ஏற்கெனவே நுண்கணிதம் அறிந்தவர்களே பெரும்பாலும் அதில் சேர்ந்து, அதையே நிரூபணங்களோடு முதலிலிருந்து கட்டியெழுப்புகிறார்கள். அத்தகைய வகுப்பு ஒன்று தன் கல்லூரியிலும் இருப்பதை அவளே கண்டுபிடித்து, ஏ.பி. உளவியலில் வாங்கிய 4-ஐ மறுயோசனையின்றி வரவு வைத்துக்கொண்டு, கணிதத்தில் மட்டும் அந்த வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள். செலவுக் கணக்கை நான் மறுபடி எடுக்கவில்லை.

ஆகஸ்டு மாதக் கடைசியில் காரில் சாமான்களை ஏற்றும்போது, அவளுடைய பையின் மேலறையில் அந்தத் தேர்வுத் தாள் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. விடையெழுதாத மூன்று வினாக்களின் எண்களையும் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள்.