அநாதை என்று பெயர் வைப்பது யார்?

2010 ஜனவரியில் ஹைத்தியைப் பூகம்பம் தகர்த்தது. அந்த மாதக் கடைசியிலேயே, ஊழியத்துக்குப் போன 10 அமெரிக்க பாப்டிஸ்ட் சபையார் 33 பிள்ளைகளை 'அநாதைகள்' என்று பஸ்ஸில் ஏற்றி எல்லை தாண்டப் பார்த்துப் பிடிபட்டார்கள். விசாரித்தால், பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். படிப்பாவது கிடைக்கட்டுமே என்று பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறார்கள்.

போனவர்களுக்கு இரக்கமில்லை என்று நான் சொல்லவரல. இரக்கப்பட்டவருக்கெல்லாம் பிள்ளையைத் தூக்கிப்போக உரிமை உண்டா என்பதே என் கேள்வி. ஹைத்தி மக்கள் 1804இல் அடிமைத்தளையை அறுத்தெறிந்தவர்கள். அதற்கு நட்டஈடு என்று 1825இல் பிரான்சு 15 கோடி பிராங்க் கேட்டது. தலைமுறைகளாகக் கடன்பட்டுக் கட்டினார்கள். அப்படி வந்த வறுமைக்கு 'அநாதை' என்று பெயர் வைப்பதா சேவை?

சோறில்லாத வீட்டுக்குச் சோறு கொடு. ஊரிலேயே பள்ளிக்கூடம் கட்டு. பெத்தவ உசுரோட இருக்கையில பிள்ளைக்கு அநாதைன்னு பேரு வைக்க நீ யாரு?