தொட்டால் கெடுமோ?

மாசி மறைந்து பங்குனி பிறக்கும் வேளையில், உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலே வீட்டுக்கு வீடு ஒரு விழா தொடங்கும். தேரில்லாத விழா, தெய்வமில்லாத விழா! கொல்லைப்புறத்து மாமரம் பிஞ்சுவிடும். அடிபடாமல் பறித்த வடுக்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மஞ்சளும் கடுகுப்பொடியும் தூவிச் சாடியில் இடுவர் நம் வீட்டுப் பெண்டிர். நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து, வெயிலில் உலர்த்துவர். எலுமிச்சையும் நெல்லியும் அவ்வவற்றின் பருவத்தில் சாடிக்கு வந்து சேரும். ஆண்டு முழுதும் பழைய சோற்றுக்குத் துணை நிற்பது இந்தக் கைகளின் உழைப்பே!

ஆனால், அந்தச் சாடிக்குள்ளே காயோடு கூட ஒரு கட்டளையும் ஊறிக்கொண்டிருக்கிறது. மாதவிலக்கான பெண் அதைத் தொடலாகாதாம். தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடுமாம்!

சென்ற ஆண்டு நம் தெருவில் ஒரு வீட்டுச் சாடியில் வெண்பூஞ்சை படர்ந்தது. "யார் தொட்டது?" என்ற கேள்வி உடனே எழுந்தது. "எதனால் கெட்டது?" என்ற கேள்வியோ எழவே இல்லை. அந்த வீட்டுக்கு வந்து எட்டுத் திங்களே ஆன மருமகளின் தலையில் பழி விழுந்தது. "நான் தொடவில்லை அத்தை" என்றாள் அவள். கேட்பார் இல்லை. சாடி குப்பைமேட்டில் கவிழ்ந்தது. மறுநாள் கிணற்றடியில் நம்மைக் கண்டபோது அந்தப் பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அக்கா, நீங்கள் படித்தவர்கள். நான் தொட்டிருந்தால்தான் என்ன, கெட்டிருக்குமா?"

நாம் திணறினோம். பட்டம் இருந்தது நம்மிடம். பள்ளியிலே அறிவியல் பாடம் நடத்தும் பணியும் இருந்தது. ஆயினும், அந்த நாட்களில் நம் வீட்டுச் சாடியை நாமும் தொட்டதில்லை. அன்று சொல்லாத விடையைத்தான் இன்று எழுதுகிறோம்.

ஊறுகாயைக் காப்பது எது? உப்பு. அது காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது; கெடுக்கும் நுண்ணுயிர்கள் வாழத் தேவையான நீரையும் அவற்றுக்குக் கிட்டாமல் செய்கிறது. மாங்காயின் புளிப்பு உப்புக்குத் துணை. மேலே மிதக்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. வெயில் ஈரத்தை வாங்குகிறது. ஊறுகாயைக் கெடுப்பது எது? உப்பில் கஞ்சத்தனம், ஈரக் கரண்டி, கழுவாத கை, நீரில் மூழ்காமல் மேலே நிற்கும் காய். கழுவாத கை ஆணுடையதாயினும் பெண்ணுடையதாயினும் ஒன்றே. திங்களின் எந்த நாளாயினும் ஒன்றே. நாட்காட்டி பார்த்துப் பூஞ்சை படர்வதில்லை!

இந்த மடமை நம் நாட்டுக்கு மட்டும் உரிய சொத்தன்று. முதல் நூற்றாண்டு ரோமாபுரி அறிஞர் பிளினி, மாதவிலக்கான பெண் நெருங்கினால் புது மது புளித்துப்போகும், மரத்தின் கனி உதிரும் என்று தம் இயற்கை வரலாற்றில் எழுதிவைத்தார். 1920-ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் பேலா ஷிக், அத்தகைய பெண்ணின் கைபட்டு மலர்கள் வாடின என்று கட்டுரை எழுதினார். 'மாதவிலக்கு நஞ்சு' என ஒன்றைத் தேடிச் சிலர் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். அந்த நஞ்சு மெய்ப்பிக்கப்படவே இல்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்தாலும் மூடநம்பிக்கை மூடநம்பிக்கைதானே!

"இதெல்லாம் பின்னாளில் புகுந்தது, பழந்தமிழர் வாழ்வில் இல்லை" என்று சொல்லித் தப்ப நாம் விரும்பவில்லை. புறநானூற்றின் 299-ஆம் பாடலில், முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்டிரை உவமையாக்குகிறார் பொன்முடியார். மாதவிலக்கான பெண்டிரையே அது குறிக்கிறது என்பர் உரைகாரர். நம் முன்னோரிடமும் இவ்வழக்கம் இருந்தது. இருந்தால் என்ன? முன்னோர் செய்த நன்மைக்கு வாரிசு என்று மார்தட்டுவோர், அவர்கள் செய்த பிழையைத் திருத்தும் கடனுக்கும் வாரிசுகளே!

"பெண்ணுக்கு ஓய்வு கொடுக்கத்தானே ஒதுக்கினார்கள்?" என்று பரிந்து பேசுவோர் உண்டு. நன்று! ஓய்வு என்றால், வேண்டும்போது அமரவும் வேண்டும்போது எழவும் உரிமை. இதுவோ தட்டைத் தனியே வைப்பது. பாயைத் தனியே போடுவது. மேலும் ஒன்று கேட்கிறோம். தோப்பிலே மாங்காய் பொறுக்கக் கூலிக்கு வரும் பெண்ணிடம், "அம்மா, இன்று உனக்கு எத்தனையாம் நாள்?" என்று எவரேனும் கேட்டதுண்டா? அவள் கைபட்ட காய்தானே கூடையில் ஏறி வீட்டுக்கு வருகிறது? மரத்தடியில் தூய்மையாயிருந்த கை, சாடியின் வாயருகே வரும்போது தீட்டாகிறதென்றால், தீட்டு கையில் இல்லை; நம் கருத்தில் இருக்கிறது. உழைப்பை வாங்கும்போது அது உறங்குகிறது. உரிமையைத் தரவேண்டிய இடத்தில் விழித்துக்கொள்கிறது!

தீட்டு என்ற சொல்லின் பெருங்கேடு இதுதான்: அது காரணத்தைத் தேடவிடாது, குற்றவாளியை மட்டும் தேடித் தரும். உப்புக் குறைந்ததா, கரண்டி ஈரமா என்று பார்க்க வேண்டிய கண்ணை, மருமகளின் முகத்தின்மேல் திருப்பிவிடும். அறியாமை ஒரு குறை; அந்தக் குறையை ஓர் எளியவள்மீது பழியாகச் சுமத்துவது அறக்கேடு. சேரி மக்களின் நிழலைத் தீட்டென்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 2018-இல் சபரிமலை வழக்கில் தனித் தீர்ப்புரை எழுதிய நீதிபதி சந்திரசூட், மாதவிலக்கைக் காட்டிப் பெண்ணை விலக்குவதும் தீண்டாமையின் ஒரு வடிவமே என்றார். 2019-இல் அவ்வழக்கின் கேள்விகள் பெரிய அமர்வின் முன் சென்றன. எந்த அமர்வு எதைச் சொன்னாலும், நம் அடுக்களைச் சாடிக்குத் தீர்ப்பெழுத வேண்டியவர்கள் நாமே!

குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்றது நம் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த அந்த எழுத்துகளிலே ஏரி வாரியம் உண்டு. தோட்ட வாரியமும் உண்டு. நிலமும் மனையும் மறைக் கல்வியும் உடையோர்க்கே அங்கு இடம். தோட்டத்தில் பாடுபட்ட ஏழைக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. அதை நாம் போற்றவில்லை. ஆயினும், அங்கே ஒரு நல்விதி இருக்கிறது: வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்தில் அமரலாகாது! அந்த விதியைத் தீட்டுக்கும் பொருத்திப் பாருங்கள். எத்தனை நூற்றாண்டாக அது நம் அடுக்களை வாரியத்தில் அமர்ந்திருக்கிறது! ஒருமுறையேனும் கணக்குக் காட்டியதுண்டா? காட்டாததை இறக்கிவிட நமக்கு ஏன் தயக்கம்?

இந்தப் பங்குனியில் நம் வீட்டில் இரண்டு சாடிகளில் வடு போட்டோம். ஒன்றை அம்மா மட்டுமே தொட்டார். மற்றதை, விலக்கான நாட்களிலும் கையை நன்கு கழுவித் துடைத்து நாமே கிளறினோம். அம்மா சினந்தார்; பின் அஞ்சினார்; பின் பேசாதிருந்தார். ஆடி பிறந்தது. இரண்டு சாடியும் ஒன்றுபோல் மணந்தன. ஒரு சாடி மெய்ப்பிப்பு ஆகிவிடாது என்பதை அறிவோம். ஆனால், அம்மா நம் சாடியிலிருந்து ஒரு வடுவை எடுத்துக் கடித்து, "உப்பு சரியாக இருக்கிறது" என்றார். உப்பைப் பற்றிப் பேசினார், கையைப் பற்றியன்று! அதுவே நமக்குப் போதும்.

அந்த வடுவில் கொஞ்சம் எதிர்வீட்டுத் தங்கைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவள் கேட்ட கேள்விக்கு ஓராண்டு கழித்து நாம் தந்த விடை அது. உங்கள் தெருவிலும் ஒரு மருமகள் இதே கேள்வியோடு நின்றுகொண்டிருப்பாள். அவளை ஓராண்டு காக்க வைக்காதீர்கள், தோழியரே! கையைக் கழுவுங்கள், கரண்டியைத் துடையுங்கள், சாடியைத் தொடுங்கள்!